படத்தைப் போட்டது நீங்கதானே டீச்சர் – ஒரு நிகழ்வு ஆய்வு

பள்ளியின் பெயரும் ஊரின் பெயரும் பிள்ளைகளின் பெயர்களும் இதில் வராது. ஏன் என்பது போகப் போகத் தெரியும். திருவண்ணாமலை மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஈராசிரியர் பள்ளி. ஒன்று முதல் மூன்று வரை தலைமை ஆசிரியர் பார்த்துக்கொள்கிறார். நாலாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் ஒரே அறையில் என் பொறுப்பு. 2023-24 கல்வியாண்டில் இரண்டும் சேர்த்து 23 பிள்ளைகள்.

ஊரில் பல வீடுகளில் அப்பாவோ அம்மாவோ இருவருமோ வெளியூரில். பெங்களூரில் கட்டட வேலை, திருப்பூரில் பனியன் கம்பெனி. பிள்ளைகள் தாத்தா பாட்டியோடு வளர்கிறார்கள், அம்மாவை வீடியோ காலில் பார்க்கிறார்கள். 2020 மார்ச்சில் மூடிய பள்ளி, தொடக்க வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தது. ஏறக்குறைய இருபது மாதம். அந்த நாட்களில் வீட்டுப்பாடம் அனுப்புவதற்காக நானே வீடு வீடாக எண் வாங்கி ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினேன். பட்டன் போன் வைத்திருந்த சிலர் கடன் வாங்கி ஸ்மார்ட்போன் வாங்கியது அந்தக் குழுவுக்காகத்தான். 'போனைக் கையில் கொடுத்துக் கெடுத்துவிட்டார்கள்' என்று பெற்றோரைக் குறைசொல்லும் கூட்டங்களில் இப்போதெல்லாம் நான் வாய் திறப்பதில்லை.

பள்ளி திறந்த பிறகும் குழு அப்படியே இருந்தது. விடுமுறை அறிவிப்பு, சீருடை வந்த செய்தி, விழாப் படங்கள் எல்லாம் அதில்தான்.

நடந்தது

2024 குடியரசு நாள். கொடியேற்றம், மிட்டாய், அப்புறம் விளையாட்டுப் போட்டி. சாக்கு ஓட்டத்தில் ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி பாதி வழியில் சாக்கோடு குப்புற விழுந்தாள். அடி ஒன்றும் பெரிதில்லை. முகத்தில் மண் அப்பி, மூக்கு ஒழுகி, வாயைத் திறந்து அழுதாள். நான் வரிசையாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன்; அதுவும் படத்தில் விழுந்துவிட்டது. மாலையில் பஸ்ஸில் வரும்போது நாற்பது படங்களை மொத்தமாகத் தேர்வு செய்து குழுவில் தள்ளிவிட்டேன். ஒன்றைக்கூடத் திறந்து பார்க்கவில்லை.

வகுப்புப் பையன் ஒருவனின் அண்ணன் பத்தாம் வகுப்பு படிக்கிறான். அந்த முகத்தை மட்டும் வெட்டி, கீழே 'போச்சே!' என்று எழுதி ஸ்டிக்கர் ஆக்கிவிட்டான். கிரிக்கெட்டில் விக்கெட் போனால் அந்த ஸ்டிக்கர், கரண்ட் போனால் அந்த ஸ்டிக்கர். நாலு நாளில் ஊர் முழுக்கச் சுற்றிவிட்டது. வகுப்பில் அவளுக்குப் பெயரே 'போச்சே' ஆனது.

அவள் மூன்று நாள் வரவில்லை. நாலாம் நாள் பாட்டி வந்து வாசலில் நின்றார். "டீச்சரம்மா, புள்ளைய போன்ல போட்டுட்டாங்களாம், சோறு துன்னாம அழுவுது. எந்தப் போன்ல போட்டாங்கன்னு சொல்லு, நான் போய்க் கேக்கறேன்" என்றார். எந்தப் போன் என்று சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

வகுப்புக்குள் வந்து குரலை உயர்த்தினேன். யார் இந்த வேலையைச் செய்தது, இப்போதே எழுந்து நிற்க வேண்டும் என்றேன். நாலாம் வகுப்புப் பையன் ஒருவன், கணக்குக்கு விடை சொல்வதுபோல எழுந்து சொன்னான்: "ஸ்டிக்கர் செஞ்சது அவங்க அண்ணன் டீச்சர். படத்தப் போட்டது நீங்கதானே டீச்சர்?"

குத்திக்காட்டும் குரலே அதில் இல்லை. கேட்டேன், தெரிந்ததைச் சொன்னான். "சரி, உட்கார்" என்றேன். அன்று அதற்குமேல் பாடம் ஓடவில்லை.

மாலையில் அவள் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டேன், ஒரு பத்து வயதுப் பெண்ணிடம் அதை எப்படிக் கேட்பது என்று தெரியாமல், பாட்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "குரூப்ல அழிச்சிட்டீங்களா?" என் போனில் அழித்திருந்தேன். குழுவில் எல்லாருக்கும் அழிக்க வாட்ஸ்அப் கொடுக்கும் அவகாசம் இரண்டு நாள் 12 மணி நேரம். அது எப்போதோ தாண்டிவிட்டது.

இரவல் பாடம்

டிஜிட்டல் குடிமை, அதாவது போனிலும் இணையத்திலும் பொறுப்போடு நடந்துகொள்வது, என்று ஒன்று இருப்பது எனக்குத் தெரியாததல்ல. பயிற்சிகளில் கேட்டதுண்டு. அமெரிக்கக் கல்வியாளர் மைக் ரிப்பிள் அதை ஒன்பது கூறுகளாகப் பிரித்திருக்கிறார்: இணைய வசதி எல்லாருக்கும் கிடைப்பது, வாங்குவது விற்பது, பேசுவது, நாகரிகம், சட்டம், உரிமையும் பொறுப்பும், உடல் மன நலம், பாதுகாப்பு என்று போகும் பட்டியல். நல்ல பட்டியல்தான். அதை ஒட்டிக் கிடைத்த பாடங்களில் சிலவற்றைத் தமிழில் எழுதி, பிப்ரவரியில் வாரம் இரண்டு பாடவேளை ஒதுக்கினேன்.

முதல் பாடம் கடவுச்சொல். 'உன் கடவுச்சொல்லை அம்மா அப்பா தவிர யாரிடமும் சொல்லாதே.' பிள்ளைகள் விழித்தார்கள். ஒருத்தி எழுந்து, "எங்க பாட்டி போனுக்கு பேட்டர்ன் போட்டதே நான்தான் டீச்சர். பாட்டிக்குத்தான் அது தெரியாது" என்றாள். இன்னொருவன் தன் வீட்டு போனின் பூட்டைக் காற்றில் 'ட' மாதிரி வரைந்து காட்டினான். உடனே நாலைந்து பேர், தங்கள் வீட்டிலும் அதே 'ட'தான் என்றார்கள். இரண்டாவது பாடம் 'உன் கணக்கில் யாரை நண்பராகச் சேர்ப்பாய்?' என்பது. கணக்கு என்றதும் நோட்டை எடுத்துவிட்டார்கள்.

இரண்டு வாரத்தில் கைவிட்டேன். அந்தப் பாடங்கள் தனக்கென ஒரு டேப்லெட்டும் தன் பெயரில் ஒரு கணக்கும் உள்ள பிள்ளையை மனதில் வைத்து எழுதப்பட்டவை. என் வகுப்பில் ஒருவருக்கும் சொந்தப் போன் கிடையாது. போன் தொடாத பிள்ளையும் கிடையாது.

கணக்குப்பிள்ளைகள்

மூன்றாவது வாரம் புத்தகத்தை மூடிவிட்டு ஆளுக்கொரு வெள்ளைத்தாள் கொடுத்தேன். நேற்று போனில் என்ன செய்தாய், வரைந்து காட்டு. யாரும் திட்டமாட்டார்கள்.

விளையாட்டும் ரீல்ஸும்தான் வரும் என்று நினைத்திருந்தேன். வந்தன. ஆனால் அவற்றைவிட அதிகம் வந்தவை வேறு. ஒரு தாளில் பாட்டி, பக்கத்தில் ஒரு சிறுமி, கையில் போன். மேலே '1000' என்று எழுதியிருந்தது. 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை வங்கியில் ஏறிவிட்டதா என்று மெசேஜ் படித்துச் சொல்வது அவள் வேலை. இன்னொன்றில் மளிகைக் கடையும் சதுரக் கட்டமும்: அப்பாவின் போனை எடுத்துக்கொண்டு போய் ஸ்கேன் செய்து எண்ணெய் வாங்கி வருபவன். அம்மா வீடியோ காலில் வரும்போது பாட்டியின் முகம் தெரியும்படி போனைப் பிடித்துக்கொள்பவள். சிலிண்டர்காரருக்கு எண் படித்துச் சொல்பவன்.

அந்தக் காலத்தில் ஊருக்கு வந்த கடிதத்தைப் படித்துக்காட்ட ஒருவர் இருப்பார் அல்லவா, அந்த வேலையை இப்போது ஒன்பது வயதில் செய்கிறார்கள். வீட்டுக்கு வீடு கணக்குப்பிள்ளை. நாட்டின் கிராமப்புறக் கல்வி நிலையைக் கணக்கெடுக்கும் அசர் அமைப்பின் 2024-ஆம் ஆண்டு அறிக்கையில், கிராமப்புறத்தில் 14 முதல் 16 வயதுவரை உள்ளவர்களில் 82 விழுக்காட்டினருக்கு ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரியும் என்று போட்டிருந்தார்கள். போன் பற்றிய கேள்விகளை அந்த வயதுக்காரர்களிடம்தான் கேட்டார்கள். என் வகுப்பில் கேட்டிருந்தால் பிள்ளைகளே அவர்களுக்குப் பாடம் எடுத்திருப்பார்கள்.

இந்த ஆய்வில் எனக்குக் கிடைத்த ஒரே கண்டுபிடிப்பு என்றால் இதுதான். நம் பிள்ளைகளுக்கு டிஜிட்டல் குடிமை என்பது தன் போனை எப்படிக் காப்பது என்ற பாடமாகத் தொடங்க முடியாது. அடுத்தவர் போன் தன் கையில் இருக்கும்போது எப்படி நடந்துகொள்வது என்றுதான் தொடங்க முடியும். பாட்டியின் பணம், அம்மாவின் பேச்சு, அத்தையின் படம் எல்லாம் அந்தக் கையில் இருக்கின்றன.

அங்கிருந்து மறுபடி தொடங்கினோம்.

'பேரன் வரட்டும்'

'ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லாதே' என்று எல்லாரும் சொல்கிறார்கள். நானும் கரும்பலகையில் எழுதினேன். உடனே ஒரு கை உயர்ந்தது. "சிலிண்டர் அண்ணனுக்குச் சொல்லலன்னா சிலிண்டர் எறக்க மாட்டார் டீச்சர்."

உண்மைதான். எரிவாயு சிலிண்டருக்குப் பதிவு செய்தால் போனுக்கு ஓர் எண் வரும். அதைக் கொண்டுவருபவரிடம் சொன்னால்தான் கணக்கு முடியும். பார்சல் சிலவற்றுக்கும் அப்படித்தான். அப்படியானால் 'யாரிடமும்' என்பது பொய். பிள்ளைகள் பொய் விதியை ஒருமுறை கண்டுவிட்டால் மீதி விதிகளையும் மதிக்க மாட்டார்கள்.

ஆகவே நடித்துப் பார்த்தோம். ஒருவன் சிலிண்டர்காரர், காலிக் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தான். ஒருவன் வங்கி மேனேஜர் என்று சொல்லிக்கொண்டு போனில் பேசுபவன். ஒருத்தி பாட்டி. எந்தெந்த நேரத்தில் எண்ணைச் சொல்லலாம் என்று ஒவ்வொரு முறையும் நிறுத்தி வாதாடினோம். முடிவில் வந்து நின்றது இது: நாம் கேட்ட பொருள், எண்ணைக் கேட்கும் ஆள் வாசலில், பொருள் கண்ணுக்கு முன்னால் – இந்த மூன்றும் இருந்தால், மெசேஜில் அது எதற்கான எண் என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டுச் சொல்லலாம். போனில் கேட்டால் கிடையாது. மெசேஜை முழுதாகப் படிப்பது என்ற பகுதியைச் சேர்த்தது ஒரு நாலாம் வகுப்புப் பெண். அதுவரை எல்லாரும் எண்ணை மட்டும் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

யூ.பி.ஐ. பற்றியும் இப்படியே. பணம் வாங்குவதற்கு பின் எண் தேவையே இல்லை. பின் போட்டால் நம் பணம் வெளியே போகிறது என்று அர்த்தம். கியூ.ஆர். கட்டத்தை ஸ்கேன் செய்வதும் கொடுப்பதற்குத்தான். 'பரிசு விழுந்திருக்கிறது, பின் போடுங்கள்' என்று யாராவது சொன்னால் அந்த வாக்கியத்திலேயே திருட்டு தெரிகிறது. இது பெரியவர்களில் பலருக்குத் தெரியாது. என் தலைமை ஆசிரியர் அன்று மாலை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்த பின் விஷயம் நிஜமா டீச்சர்?" என்று கேட்டார்.

நடிப்பில் ஒரு நாள் 'மேனேஜர்' பையன் பாட்டியை மிரட்டினான். "உங்க ஆயிரம் ரூபாய் இன்னியோட நின்னுடும், உடனே நம்பரைச் சொல்லுங்க." பாட்டி வேடம் போட்டவள் அசரவில்லை. "இருப்பா, என் பேரன் ஸ்கூல்லேர்ந்து வரட்டும்" என்றாள். வகுப்பே சிரித்தது. நான் எழுதிவைத்திருந்த எந்த வரியைவிடவும் அது நல்ல பதில். மிரட்டுபவனுக்கு வேண்டியது அவசரம். பேரன் வரட்டும் என்றால் அவசரம் செத்துப்போகிறது. அந்த வாரம் முழுக்க வீட்டுப்பாடம், வீட்டில் உள்ள பெரியவர்களுக்கு அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிக்கொடுப்பதுதான். கூடவே, பணம் போய்விட்டால் அழுதுகொண்டு உட்காராமல் உடனே இணைய மோசடிக்கான உதவி எண் 1930-ஐக் கூப்பிடுவது. சீக்கிரம் சொன்னால் பணம் வங்கிகளுக்குள் ஓடிக்கொண்டிருக்கும்போதே நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு என்பதையும் விளக்கினேன்.

ஏப்ரலில் ஒரு பாட்டி, தனக்கு உண்மையிலேயே அப்படி ஒரு போன் வந்ததாகவும், பேரன் வரட்டும் என்றதும் அவன் கெட்ட வார்த்தை சொல்லி வைத்துவிட்டதாகவும் சொன்னார். கொஞ்சம் கூட்டிச் சொல்கிறாரோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு. ஆனால் அந்த வாக்கியம் அவர் வாயில் இருந்தது.

சாக்லேட் கொடுத்த பாட்டி

எங்கள் மாவட்டத்தில் வதந்தி பற்றிப் பேசினால் போளூரைத் தாண்டிப் போக முடியாது. 2018 மே மாதம், போளூர் அருகே குலதெய்வக் கோயிலுக்குச் சென்னையிலிருந்து காரில் வந்த குடும்பம் வழியில் நின்றது. அதில் இருந்த மூதாட்டி அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் ஏற்கெனவே செய்தி சுற்றிக்கொண்டிருந்த நேரம். கூட்டம் கூடி அடித்ததில் அவர் இறந்துபோனார். கூட வந்தவர்களும் படுகாயம் அடைந்தார்கள்.

ஒன்பது வயதுப் பிள்ளைகளிடம் இதை எவ்வளவு சொல்வது? நான் 'அடித்துவிட்டார்கள்' என்பதோடு நிறுத்தத்தான் நினைத்தேன். "செத்துட்டாங்க டீச்சர், எங்க தாத்தா சொன்னார்" என்று ஒருவன் முடித்துவைத்தான். பிள்ளைகளுக்குத் தெரியாது என்று நாம் மறைப்பவற்றில் பாதி அவர்களுக்குத் தெரியும்.

அதைவிடச் சங்கடம் அடுத்த கேள்வி. "தெரியாதவங்க சாக்லேட் கொடுத்தா வாங்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? அப்ப அந்தப் பாட்டி பிள்ளை பிடிக்கிறவங்கதானே?" எச்சரிக்கைப் பாடமும் வதந்தியும் ஒரே விதையிலிருந்து முளைக்கின்றன என்பது அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. இரண்டு பாடவேளை அதிலேயே போனது. சாக்லேட்டை வேண்டாம் என்று சொல்லலாம், அம்மாவிடம் சொல்லலாம், குழந்தைகளுக்கான உதவி எண் 1098-ஐக் கூப்பிடலாம். ஆனால் வேண்டாம் என்று சொல்வதும் திருடி என்று சொல்வதும் வேறு வேறு. இந்த வேறுபாட்டை எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள் என்று என்னால் சொல்ல முடியாது.

2018-இல் நாடெங்கும் சுற்றிய வீடியோக்களில் ஒன்று, பைக்கில் வரும் இருவர் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவது. அது பாகிஸ்தானில் கராச்சி நகரத்துக்காக எடுத்த குழந்தைப் பாதுகாப்பு விளம்பரம். முழு வீடியோவில் அவர்கள் திரும்பி வந்து குழந்தையை இறக்கிவிட்டு, கராச்சித் தெருவில் ஒரு குழந்தையைக் கடத்த ஒரு கணம் போதும் என்று எழுதிய அட்டையைக் காட்டுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டுத்தான் அனுப்பினார்கள்.

வெட்டினால் என்ன ஆகும் என்பதை நாங்களும் செய்து பார்த்தோம். மைதானத்தில் இரண்டு பையன்கள் பந்துக்குக் குதிக்கும் படத்தை அச்சிட்டு, பந்து இருக்கும் பகுதியை மடித்துவிட்டுக் காட்டினேன். ஒருவன் கையை ஓங்கி இன்னொருவனை அடிப்பதுபோல இருந்தது. இரண்டு பையன்களிடமும் முன்பே கேட்டுக்கொண்டேன், அந்த அளவுக்கு நானும் தேறியிருந்தேன். அப்புறம் பிள்ளைகளே ஆளாளுக்கு மடிக்கத் தொடங்கினார்கள். தலைமை ஆசிரியர் மிட்டாய் கொடுக்கும் படத்தில் மிட்டாயை மடித்து, அவர் பிச்சை கேட்பதுபோல ஆக்கிவிட்டான் ஒருவன். அதை வெளியே விடவில்லை.

வாட்ஸ்அப்பில் ஓர் அம்புக்குறி இருந்தால் யாரோ அனுப்பியதை அனுப்பியது, இரட்டை அம்புக்குறி என்றால் பல கை மாறி வந்தது என்பதையும் காட்டினேன். 2018 வதந்திகளுக்குப் பிறகுதான் இந்த அடையாளமும், ஒரே நேரத்தில் ஐந்து பேருக்குமேல் தள்ளிவிட முடியாது என்ற கட்டுப்பாடும் இந்தியாவில் வந்தன. வீட்டிலிருந்து இரட்டை அம்பு மெசேஜ் ஒன்றைப் பார்த்து எழுதிவரச் சொன்னேன். இலவச ரீசார்ஜ், சாமி படம், ஏழு பேருக்கு அனுப்பாவிட்டால் கெட்டது நடக்கும் என்பது. இவற்றையெல்லாம் எளிதில் தள்ளிவிட்டார்கள். ஒருத்தி கொண்டுவந்தது மட்டும் எல்லாரையும் நிறுத்தியது: காணாமல்போன குழந்தையின் படம், கீழே ஒரு போன் எண். "இது நிஜமா இருந்தா?" என்றாள். தேதி இருக்கிறதா, ஊர் இருக்கிறதா, பெரியவர் ஒருவர் அந்த எண்ணைக் கூப்பிட்டுக் கேட்க முடியுமா என்று பார்க்கலாம் என்றேன். அவள் அப்பா கூப்பிட்டார். குழந்தை அன்றைக்கே கிடைத்துவிட்டதாம், ஒரு வருடம் ஆகிறதாம், இன்னும் தினமும் யாராவது கூப்பிடுகிறார்களாம்.

அதைக் கேட்டதும் சாக்கு ஓட்டப் பெண் ஏதோ சொல்ல வந்தவள்போல நிமிர்ந்தாள். சொல்லவில்லை.

யாரைக் கேட்பது

அவள் பிப்ரவரி முதல் வாரமே பள்ளிக்குத் திரும்பிவிட்டாள். ஸ்டிக்கர் செய்த அண்ணனை அவன் அம்மாவோடு வரச் சொல்லியிருந்தேன். "ஜாலிக்குச் செஞ்சது டீச்சர்" என்றான். பொய் இல்லை, ஜாலிக்குத்தான். தண்டனை எதுவும் சொல்லாமல், தம்பியையும் கூட்டிக்கொண்டு யார் யாருக்கு அனுப்பினானோ அவர்கள் வீட்டுக்கெல்லாம் போய் அழித்துவிட்டு வரச் சொன்னேன். இரண்டு நாள் அலைந்தான். ஒரு வீட்டில் பாட்டி ஒருவர் அதைக் காலை வணக்கம் சொல்லப் பயன்படுத்திக்கொண்டிருந்தாராம், அழகான குழந்தை என்று.

மார்ச்சில் பிள்ளைகளோடு உட்கார்ந்து வகுப்புக்கு விதி போட்டோம். அவர்கள் வைத்த வரி: 'கேட்டுட்டு எடு, காட்டிட்டு அனுப்பு.' எழுத்துத் தமிழில் திருத்தப் போனேன், விடவில்லை.

விதி எனக்கும்தான். ஒரு நோட்டு போட்டு, படம் வேண்டாம் என்பவர்கள் காரணம் சொல்லாமல் பெயர் எழுதலாம் என்றேன். நாலு பேர் எழுதினார்கள். ஒருவனுக்கு முன்பல் விழுந்திருந்தது. முளைத்ததும் பெயரை அடித்துவிட்டான். இன்னொரு பிள்ளையின் அம்மா மறுநாள் வந்து கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். கணவரின் அடிக்குத் தப்பி இந்த ஊருக்கு வந்தவர். பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கிறது என்று அந்த ஆளுக்குத் தெரியக் கூடாது. இரண்டு வருடமாக அந்தப் பிள்ளையின் முகத்தை, பின்னால் பள்ளிப் பெயர்ப்பலகையோடு, நான் குழுவிலும் என் ஸ்டேட்டஸிலும் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் சொல்லத் தயங்கியிருக்கிறார். டீச்சரிடம் எப்படிச் சொல்வது என்று.

இதற்குச் சட்டம் இருக்கிறது. 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத எல்லாரையும் குழந்தை என்கிறது, அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் கேட்கும் 13 வயது அமெரிக்காவின் 1998-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வந்த எண். சட்டம் பெற்றோரைக் கேட்கச் சொல்கிறது. பெற்றோரோ, நான் கேட்டபோது, "நீங்க எடுத்தா என்ன டீச்சர், எடுத்துக்கோங்க" என்றுதான் பெரும்பாலும் சொன்னார்கள். மறுத்தவர்கள் பிள்ளைகள். பெற்றோர் சரி என்று சொல்லிப் பிள்ளை வேண்டாம் என்றால் யார் பேச்சு நிற்கும் என்று பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கேள்வி வந்தது. பிள்ளை பேச்சு நிற்கும் என்று நான் சொன்னேன். ஒரு அப்பா சிரித்தார். "அப்ப எங்க பேச்சுக்கு என்ன மரியாதை?" என்றார். எல்லாரும் ஒத்துக்கொண்டதாக எழுத முடியாது. எதிர்த்து யாரும் நிற்கவில்லை, அவ்வளவுதான்.

தலைமை ஆசிரியரின் கவலை வேறு. விழா என்றால் படம் எடுத்து அனுப்பியாக வேண்டும். என்ன செய்வது? கைகளை எடுத்தோம், முதுகை எடுத்தோம், ஓவியங்களை எடுத்தோம். இருபது கைகள் மரக்கன்று நடும் படம் அனுப்பியதில் யாரும் குறை சொல்லவில்லை.

ஒட்டாதவை

ஷார்ட்ஸ் பார்ப்பது குறையவே இல்லை. தானாக ஓடுவதை நிறுத்தும் வசதியையும் யூடியூபில் என்ன பார்த்தார்கள் என்று தெரியும் பக்கத்தையும் பெற்றோர் கூட்டத்தில் காட்டினேன். அடுத்த வாரம் ஒரு பிள்ளை, அந்தப் பக்கத்தை எப்படிக் காலி செய்வது என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தது. ஃப்ரீ ஃபயர் விளையாட்டை 2022 பிப்ரவரியில் அரசு தடை செய்தது. பிள்ளைகள் ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் ஆடுகிறார்கள். அதில் முகம் தெரியாதவர்களோடு குரலில் பேசுகிறார்கள். ஒருவன் 'டீம் அண்ணன்' ஒருவருக்கு அப்பாவின் எண்ணையே கொடுத்திருந்தான். இதற்கு என்னிடம் நல்ல பாடம் இல்லை. சாயங்காலம் விளையாட மைதானமும் கூட ஆடப் பெரியவர்களும் இருந்தால் ஒருவேளை குறையலாம், அது பாடவேளையில் அடங்காது.

ஸ்டிக்கரும் போகவில்லை. மே மாதம், எல்லாரும் மறந்துவிட்டோம் என்று நினைத்தபோது, திருப்பூரில் இருக்கும் அவள் சித்தி, கம்பெனித் தோழி அனுப்பிய வேடிக்கை ஸ்டிக்கர் ஒன்றைக் குடும்பக் குழுவில் போட்டிருக்கிறார். மண் அப்பிய முகம் என்பதால் அவருக்கே அடையாளம் தெரியவில்லை. வீட்டில் போனைப் படிப்பவள் அவள்தான், அவளே முதலில் பார்த்தாள். "சித்தி, அது நான்" என்று பதில் போட்டாளாம். இதை அவளே வந்து என்னிடம் சொன்னாள். அழவில்லை. ஆறாம் வகுப்புக்குப் பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளியில் சேர மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்திருந்தாள்.

2025 ஜனவரி

மறுபடி குடியரசு நாள், மறுபடி சாக்கு ஓட்டம். போட்டி தொடங்குமுன் நோட்டைப் பார்த்துப் பெயர்களைச் சரிபார்த்துக்கொண்டேன். படம் எடுக்கும் பொறுப்பு இப்போது ஐந்தாம் வகுப்புக்கு வந்துவிட்ட, அன்று என்னைக் கேள்வி கேட்ட அதே பையனிடம். முடிந்ததும் பிள்ளைகள் என் மேசையைச் சுற்றி நின்று போனைப் பார்த்தார்கள். 12 படம் தேறியது.

நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஒரு படத்தில் கண்ணை மூடிக்கொண்டு கோணலாக நின்றாள். எனக்கு அது அழகாகத்தான் தெரிந்தது. "இது வேண்டாம் டீச்சர்" என்றாள். அழித்தேன்.

அவள் நகரவில்லை. போனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"குப்பைத்தொட்டியிலயும் டீச்சர்" என்றாள். "அதுல முப்பது நாள் இருக்கும்."